மஞ்சள் கல்லுக்கு இன்னும் பத்து அங்குலம்

ஆறு அடி எட்டு அங்குலம்.

தேவயானி மதகுப் படியில் குந்தி, அளவுக்கல்லை ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள். காற்று இல்லை, அலை இல்லை, கண்ணிலும் கோளாறு இல்லை. செல்போனில் அடித்து அனுப்பினாள். அரை நிமிஷத்தில் பதில் வந்து விழுந்தது.

‘மறுபடி பாருங்க.’

“மறுபடி பாக்கணுமாம்!” என்று ஏரியிடமே சொன்னாள். “கல்லுல எழுதிக்கீறத இவரு வந்து அழிச்சி எழுதுவாரு போல.”

இரண்டு மழைக்காலமாக இதே கூத்து. சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்று அல்லிப்பாக்கம் ஏரியை ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தது. மேட்டுக்காட்டில் பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு செடிகொடி குடிக்கும், மிச்சம் எவ்வளவு ஏரிக்கு வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிற ஆராய்ச்சி. அந்தக் கணக்குக்கு ‘மாடல்’ என்று பெயர். அதை ஓட்டுகிறவனும் இந்தப் பதிலைப் போடுகிறவனும் கலைச்செல்வன். மன்னார்குடிப் பக்கத்து ஆள், உத்திரமேரூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். தேவயானிக்கு அதில் ஃபீல்டு அசிஸ்டெண்ட் வேலை. காலையும் மாலையும் ஏரியை அளக்க வேண்டும். வாரம் ஒரு நாள் மேட்டுக்காட்டுக்குப் போய், துணி மாட்டும் கிளிப் மாதிரி ஒரு கருவியால் இலைகளைக் கவ்விப் பிடித்து, ஒவ்வொரு இலையும் எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடுகிறது என்று எழுத வேண்டும். அவள் அதற்குக் கவ்வி என்றே பேர் வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் ஒரு அளவு சொல்லும். ஏரி அதைவிட அரை அடி கூடுதலாக நிற்கும். உடனே சந்தேகம் ஏரி மேலும் வராது, கம்ப்யூட்டர் மேலும் வராது. தேவயானியின் கண் மேல் வரும்.

அன்றைக்கு கார்த்திகை ஒன்று. கரையின் கோடியில், ஏரி நிரம்பினால் வழிந்தோடுவதற்காகக் கட்டிய கலங்கல் சுவரின் மேல் எல்லப்பன் மண்டி போட்டிருந்தார். ஊருக்கு நீர்க்கட்டி அவர்தான். மதகுச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். சுவரின் தண்ணீர்ப் பக்கத்து விளிம்புக் கல்லுக்குக் கீழே, மழை படாத இடத்தில், குழைத்த மஞ்சளை ஒரு விரல் அகலத்துக்கு அப்பிக்கொண்டிருந்தார். அல்லிப்பாக்கத்து வழக்கம் அது. ஒன்றாம் தேதி பூசிய மஞ்சளைத் தீபத்தன்று பொழுது சாய்வதற்குள் ஏரித் தண்ணீர் தொட்டுவிட்டால், கடைமடை நிலத்துக்கும் நவரை என்கிற அடுத்த நெல் போகத்துக்குத் தண்ணீர் உண்டு. தொடாவிட்டால் தலைமடைக்கு மட்டும்தான். அளவுக்கல்லில் அந்த மஞ்சள் சரியாகப் பத்து அடி.

கடைமடையில் அரை காணி குத்தகைக்கு எடுத்து மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள் தேவயானியின் அம்மா செங்கேணி. மூன்று வருஷத்தில் மஞ்சள் நனைந்தது ஒரே தடவை.

“பெரிப்பா, இந்த வாட்டி தொடுமா?” என்று தேவயானி கலங்கலுக்குப் போய்க் கேட்டாள்.

“என்னியக் கேக்கற? அளக்கறது நீ. நான் சும்மா பூசறவன்.” எல்லப்பன் கையைத் தண்ணீரில் அலசினார். “ஆனா விஷயம் தெரியுமா? தீபம் வரிக்கும் இன்னாத்துக்குக் காத்துக்கினு கெடக்கணும்னு சங்கத் தலைவரு கேக்கறாரு. ஞாயித்துக்கெயம கூட்டம். உங்க கம்ப்யூட்டரு தண்ணி தொடாதுன்னு சொல்லிட்ச்சாம். ஒம்போது அடி ரெண்டு அங்குலத்தோட நின்னுடுமாம். அன்னிக்கே மதகத் தொறந்து தலைமடைக்கி நடவ ஆரம்பிச்சிடலாம்ன்றாரு.”

தேவயானி கலங்கலிலிருந்து மதகைத் திரும்பிப் பார்த்தாள். மதகைத் திறந்துவிட்டால் அப்புறம் ஏரி எங்கே ஏறுவது? ஓட்டைப் பானைதான். கம்ப்யூட்டர் சொன்னது தானாகப் பலித்துவிடும். அவள் இரண்டு வருஷமாக எழுதி அனுப்பிய அளவெல்லாம் பொய் என்றும் ஆகிவிடும்.

“ஞாயித்துக்கெயமைக்கு இன்னும் மூணு நாளு கீது” என்றாள். நோட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டியை உதைத்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் கலைச்செல்வன் பொங்கலைத் தின்றுகொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கல்லு தப்பா, கண்ணு தப்பா, இல்ல உங்க பொட்டி தப்பா, இன்னிக்கி தெரிஞ்சாவணும் சார்!”

“முதல்ல உக்காருங்க. டிபன் ஆச்சா?”

“நாஷ்டாவுக்கு வரல. ஒம்போது அடி ரெண்டுன்னு ஊருக்குச் சொன்னீங்களா?”

“தலைவர் கேட்டார், சொன்னேன். மாடல் அப்படித்தான் சொல்லுது.” அவன் பொங்கலை விரலால் அளைந்தான். முகம் சங்கடமாக இருந்தது. “உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது. எங்க பேராசிரியர் அல்லிப்பாக்கம் அளவையெல்லாம் எடுத்துரச் சொல்லிட்டார். ரெண்டு விதத்துலயும் உதைக்குதுங்க. ஏரி அளவு கூட வருது. இலை அளவு குறைய வருது. புத்தகத்துல இருக்கறதைவிட உங்க இலையெல்லாம் பத்துல ஒரு பங்கு கம்மியாத் தண்ணி விடுது. ரெண்டும் தப்புன்னா அளக்கற ஆள்தான் தப்புங்கறார்.”

தேவயானி வாயைத் திறந்தாள். நன்றாகத் திட்டத்தான் திறந்தாள். ஆனால் திட்டு வரவில்லை. திறந்த வாய் அப்படியே நின்றது.

“ஏரி கூட. இல கம்மி.”

“ஆமா.”

“சார், இல வுடாத தண்ணி எங்க போவும்?”

“எங்க போவும், மண்ணுலயே இருக்கும்.”

“மண்ணு ரொம்பிட்டா?”

“அடுத்த மழைக்கு மண்ணால குடிக்க முடியாது. வழிஞ்சு கால்வாய்க்கு ஓடி...” கலைச்செல்வனின் விரல் பொங்கலிலேயே நின்றுவிட்டது.

“ரெண்டு தப்பு இல்ல சார். ரெண்டும் ஒரே தண்ணி! இலையில கொறஞ்சது ஏரியில ஏறிக்கீது!”

கையைக்கூடக் கழுவாமல், பேப்பரில் துடைத்துக்கொண்டு அவன் கம்ப்யூட்டரைத் திருப்பினான். மாடலுக்குள் ஊட்டிய விவரமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மழை அளவு? சரி. வெயில்? சரி, இப்போது ஏறியிருக்கிற சூடுதான் போட்டிருந்தது. மண்ணின் வகை, சரிவு, ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர், சவுக்கு, வேலிக்காத்தான் எல்லாம் சரி. ஒரு கட்டத்தில் தேவயானியின் விரல் போய் நின்றது.

“இது இன்னா முன்னூத்தி முப்பது?”

“அது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடு அளவு. அது புரோகிராமோடயே வர்ற எண்ணு. அதை யாரும் தொடறதில்ல.”

“நம்ப கவ்வியில நானூத்தி இருவத்தாறு, இருவத்தேழுன்னு காட்டுதே? வாரா வாரம் நான் எய்தறனே?”

கலைச்செல்வன் கட்டத்தைக் கூர்ந்து பார்த்தான். நாற்காலியில் சாய்ந்தான். திரும்ப முன்னால் வந்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். கையில் ஒட்டியிருந்த பொங்கல் முடியில் போனது.

“முன்னூத்தி முப்பதுங்கறது அம்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த காத்துங்க.”

“அட நைனா! எங்கம்மா பொறந்த வருஷத்துக் காத்த ஊதி இந்த வருஷத்து ஏரிய ரொப்பறீங்களா?”

சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும். விஷயம் அவ்வளவு சின்னது. இலைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் வாய் உண்டு. காற்றிலிருந்து அந்த வாயுவை எடுக்கத்தான் அது வாயைத் திறக்கிறது. திறந்திருக்கிற நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகத் தப்பித்துப் போகிறது. காற்றில் அந்த வாயு ஏறிவிட்டால், இலை முன்னைப்போல வாயை அகலத் திறக்க வேண்டியதில்லை. கொஞ்சம் திறந்தாலே போதும். தண்ணீரும் மிச்சம். மாடலுக்கு இந்தக் காலத்து வெயிலைக் கொடுத்துவிட்டு அந்தக் காலத்துக் காற்றைக் கொடுத்திருந்தார்கள். வெயில் குடிப்பதைக் கூட்டினார்கள், இலை வாயை மூடிக்கொண்டதை விட்டுவிட்டார்கள்.

“ஆனா இன்னொண்ணு இருக்கு” என்றான் கலைச்செல்வன், படித்தவனுக்கே உரிய பயத்தோடு. “இந்த வாயு கூடினா செடி நல்லா வளரும். இலை பெருசாவும். பெரிய இலை அதிகம் குடிக்கும். அது ஒரு பக்கம் இழுக்கும்.”

“இழுக்கட்டும் சார். மொதல்ல நெம்பர மாத்துங்க!”

நானூற்று இருபத்தேழு என்று அடித்தான். கம்ப்யூட்டர் உள்ளே விசிறி உறுமியது. பதினோரு நிமிஷம் ஆகும் என்றான். தேவயானி உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். கீழே பஸ்காரர்கள் செங்கல்பட்டு, செங்கல்பட்டு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கோடு வந்தது. இன்றைய தேதியில் ஏரி: ஆறு அடி ஏழரை அங்குலம்.

“ஏழர! நான் எட்டு! அர அங்குலம் சார்! அர அங்குலந்தான்!” அவள் போட்ட கூச்சலில் ஜெராக்ஸ்காரர் கீழிருந்து “மேல இன்னாய்யா இடிஞ்சி வுயுந்திச்சா?” என்று குரல் கொடுத்தார்.

கலைச்செல்வன் கோட்டை இழுத்துக்கொண்டே போனான். வானிலைக்காரர்கள் சொன்ன மழை பெய்தால் தீபத்தன்று பத்து அடி ஒரு அங்குலம்.

மஞ்சளுக்கு மேலே ஒரு அங்குலம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிப் பாசன சங்கக் கட்டடத்தில் டீ சுற்றில் இருந்தது. தலைவர் பாண்டுரங்கன் கெட்ட மனுஷர் இல்லை. தலைமடையில் நாலு காணி வைத்திருப்பவர். புதுசாக எது வந்தாலும் முதலில் வாங்கிப் பார்க்கிற ஆசைக்காரர். கம்ப்யூட்டர் மேல் அவருக்கு இருந்த மரியாதை கலைச்செல்வனுக்குக்கூடக் கிடையாது.

“கம்ப்யூட்டரே ஒம்போது ரெண்டுன்னு சொல்லிட்ச்சி. அப்பால இன்னா யோசன? எல்லப்பா, இன்னிக்கே மதகத் தொற.”

“தலைவரே, அந்தக் கணக்குல ஒரு தப்பு கீது” என்று எழுந்தாள் தேவயானி.

“கம்ப்யூட்டர்லயா?”

“அதுல போட்ட காத்துல.”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “காத்து அடிச்சா சைக்கிள் டியூபு ரொம்பும். ஏரி ரொம்புமா தேவயானி?” என்றது.

அவளும் சிரித்துவிட்டாள். கூச்சம் அதோடு போனது. “நீங்கோ கல்யாணத்துல பந்திக்குப் போறீங்கோ. ஒரு ரவ சோத்துக்கு அர மணி நேரம் வாயத் தொறந்துகினு ஒக்காந்துகினு கீறீங்கோன்னா ஈ உள்ள பூந்து வரும், எச்சி வெளிய வயியும். எலையில அள்ளி அள்ளிப் போட்டா? ரெண்டு வாயில ரொம்பிடும், வாய மூடிக்கலாம். எலைக்கிக் காத்துதான் சோறு. இப்ப காத்துல சோறு ஜாஸ்தியா கீது. அதால எல வாய மூடிக்கிது. அது வெளிய வுடாத தண்ணி நம்ப ஏரிக்கி வருது. நம்ப மேட்டுக்காட்டு மல்லாட்டச் செடிய, சவுக்க, நூத்துக்கணக்கா நான் கவ்விப் பாத்துக்கீறேன்.”

“ஏம்பா இஞ்சினீரு, நெசமா?” என்று பாண்டுரங்கன் திரும்பினார்.

“எல்லாமே இந்தக் காத்துதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க” என்றான் கலைச்செல்வன். “மழை வேற குறையலாம், கூடலாம். ஆனா நான் சொன்ன ஒன்பது ரெண்டு தப்பு. அதுல சந்தேகம் இல்ல. இப்ப பத்து ஒண்ணுன்னு வருது. தீபம் வரைக்கும் மதகைத் திறக்க வேணாம்.”

“நேத்து ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு! எங்களுக்கு ரெண்டு வாரம் நடவு தள்ளுது. ரெண்டு வாரம் தள்ளினா கடசித் தண்ணிக்கி சித்திரை வெயில்ல நாங்க பேஜாராவணும். தொடலன்னா அந்த நட்டம் யாரு தலையில?” என்றார் பாண்டுரங்கன்.

அப்போதுதான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்த செங்கேணி குரல் கொடுத்தாள். கூட்டத்தில் அவள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

“தொடலன்னா அடுத்த வருசமும் கடைமடைக்கி எங்களுக்குத் தண்ணி வாணாம். மஞ்சளே பூச வாணாம். போதுமா தலைவரே?”

“யம்மா!” என்றாள் தேவயானி.

கடைமடைக்காரர்கள் செங்கேணியைப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் முதலில் ஒரு கை எழுந்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் பதினேழு பேரும். எல்லப்பன் மட்டும் கை தூக்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியைத் தட்டினார். “மஞ்ச பூசியாச்சி தலைவரே. தீபத்துக்கு முன்னாடி தொறக்கச் சொன்னீங்கன்னா, சாவிய இந்தாங்கோ, நீங்களே தொறங்கோ. என் கை தொறக்காது.”

பாண்டுரங்கன் சாவியை வாங்கவில்லை. “சரி. தீபம்” என்றார். “அப்பால யாரும் கண்ணக் கசக்கிகினு வரக்கூடாது.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தேவயானி அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். “ரெண்டு வருசத்த தூக்கி வெச்சிட்டு வந்துட்டியே! நான் சொன்னது தப்பாப் பூட்டா?”

“நீதான் அர அங்குலம்னு குதிச்சிகினு வந்த? அப்ப இன்னா பயம்?” என்றாள் செங்கேணி, செருப்பில் ஒட்டிய சேற்றை உதறிக்கொண்டு.

மழை செவ்வாய்க்கிழமை தொடங்கியது. பெய்தது பெய்தபடி இரண்டு நாள். தேவயானி குடையை மடக்கிப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே அளந்தாள். ஏழு அடி ஐந்து. எட்டு அடி. ஒரு நாள் ஓய்ந்து மறுபடி பிடித்தது. எட்டு அடி பத்து. ஊரே கரைக்கு வந்து போக ஆரம்பித்தது. பால் ஊற்றப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு கரை மேல் வந்தார்கள். பள்ளிக்கூட மதிய உணவு ஆயாம்மாகூடப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து, “எம்மாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். யார் எதிரே வந்தாலும் வணக்கம் இல்லை, சௌக்கியம் இல்லை. “எம்மாம்?” ஒன்றுதான் கேள்வி.

தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒன்பது அடி இரண்டு அங்குலம். அன்று மத்தியானம் மேகம் கலைந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. இனி மழை இல்லை.

ஒன்பது ரெண்டு. கம்ப்யூட்டர் முதலில் சொன்ன அதே ஒன்பது ரெண்டு.

பாண்டுரங்கன் புல்லட்டைக் கரையிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். அளவுக்கல்லைப் பார்த்தார். “பாத்தியா பொண்ணே? மொதல் வாட்டி சொன்னத மாத்தாத கம்ப்யூட்டருதான் கம்ப்யூட்டரு” என்றார். குத்தலாகச் சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இன்னும் பத்து அங்குலம் கீது. வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல. எங்க இருந்து வரும்?”

தேவயானி செல்போனை எடுத்தாள். கலைச்செல்வனுக்குப் போன் போட்டாள்.

“பெஞ்ச மழைய அப்படியே போட்டு ரெண்டு கணக்கையும் ஓட்டினேன்” என்றான். அவன் குரலும் சரியில்லை. “பழைய காத்துல இன்னியோட ஏத்தம் நின்னு போவுது. நாளைலேருந்து இறங்குது.”

“புதுக் காத்துல?”

“பத்து அடி அரை அங்குலம். மழையே இல்லாம. எனக்கே நம்பிக்கை வரலங்க.”

“நம்பாதீங்கோ. கெளம்பி வாங்கோ. போய்ப் பாப்பம்.”

இரண்டு பேரும் மேட்டுக்காட்டுக்கு நடந்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில் காலை வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது; எடுத்த குழியில் கண்ணெதிரே தண்ணீர் ஊறி நிறைந்தது. சவுக்குத் தோப்புக்குள் போனார்கள். வெயில் சுள்ளென்று அடித்தும் அடியில் மண் பிழிந்த துணி மாதிரி இருந்தது. அவள் ஒரு செடியின் இலையைக் கவ்வியில் பிடித்தாள். எண் குறைவாகத்தான் வந்தது. இலை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. தோப்பின் கீழ்ச்சரிவில் ஒரு வாய்க்கால். மழை நின்று அரை நாள் ஆகியும் ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்; இது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வருகிற தண்ணீர். அதற்கடுத்து இன்னொரு வாய்க்கால். அப்புறம் இன்னொன்று. கணக்கில்லாமல் ஓடின.

“கேக்குதா சார்?” என்றாள் தேவயானி. தோப்பு முழுக்கச் சலசலவென்று ஒரே சத்தம். அவள் கையைத் தட்டிக் குதித்தாள். “வர்து சார்! எல்லாம் வந்துகினு கீது!”

கலைச்செல்வன் வாய்க்காலில் இறங்கி நின்றுவிட்டான், பேண்டை மடிக்கக்கூட மறந்து. “ரெண்டு வருஷமா ரூம்ல உக்காந்து இதைக் கோடாப் போட்டுட்டிருந்தேன். ஒரு நாளாவது வந்து பாத்திருக்கணும்” என்றான்.

மறுநாள் காலை ஒன்பது அடி ஐந்து. எதிரே வந்தவர்கள் நம்பவில்லை. தாங்களே படியில் இறங்கிப் பார்த்தார்கள். வெட்டவெளி வானத்தின் கீழே ஏரி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒன்பது எட்டு. தீபத்துக்கு முந்தின நாள் ஒன்பது பத்து. ஏற்றம் குறைந்துகொண்டே வந்தது தேவயானிக்குத் தெரிந்தது. மூன்று, மூன்று, இரண்டு. அடுத்தது இரண்டு வருமா, ஒன்றா?

தீபத்தன்று மூன்று மணிக்கே கலங்கலைச் சுற்றிக் கூட்டம். தலைமடைக்காரர்கள் ஒரு பக்கம், கடைமடைக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் ஐஸ் வண்டிக்காரர். தண்ணீர் மஞ்சளுக்கு ஒரு விரல்கூடக் கீழே இல்லை. காற்று கிழக்கேயிருந்து வீசியது. அலை ஒன்று வந்து கல்லில் மோதித் தெறித்தது. மஞ்சளில் இரண்டு சொட்டு.

“தொட்ச்சி!” என்று கடைமடைப் பக்கம் கத்தல்.

“எங்க தொட்ச்சி? அது அலை! அலை தொட்டா கணக்குல வராது!”

“தண்ணிதான தொட்ச்சி? அலை இன்னா ஆந்திராவுல இருந்து வந்துச்சா?”

“அப்டின்னா நானும் ஒரு சொம்பு மோந்து ஊத்தறேன், தொட்ச்சின்னு ஒத்துக்கினியா?”

இரண்டு பக்கமும் எகிறியது. எல்லப்பன் கலங்கல் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினார். “அலை கெடையாது, சொம்பும் கெடையாது. பொயுது சாயறப்ப காத்து அடங்கும். அப்ப பாப்பம். அதான் மொறை. அது வரிக்கும் வாய மூடுங்கோ, எலை மாதிரி.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாண்டுரங்கனும் சிரித்தார்.

தேவயானி சிரிக்கவில்லை. அவள் கலங்கல் பக்கமே பார்க்கவில்லை. அளவுக்கல்லின் எதிரே படியில் குந்தியிருந்தாள், கலைச்செல்வன் இரண்டு படி மேலே. ஒன்பது அடி பதினொன்றரை. அலை வந்து மறைக்கும், போகும். மறைக்கும், போகும். சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியது. காற்று ஒரு தடவை வேகமாக வீசியது. அப்புறம் மெல்ல வீசியது. அப்புறம் நின்றது.

ஏரி கண்ணாடியாகிவிட்டது.

கலங்கலில் கூட்டம் சுவரை நெருங்கி வந்தது. எல்லப்பன் குப்புறப் படுத்து, முகத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு கையால் தலைவரைக் கூப்பிட்டார். பாண்டுரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே படுத்தார்.

மஞ்சளின் அடி விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய நூல் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நூல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு விளிம்பு முழுக்கக் கரைந்து, புகை மாதிரி தண்ணீரில் பரவியது.

“நனஞ்சிட்ச்சி” என்றார் பாண்டுரங்கன், படுத்தபடியே. அப்புறம் எழுந்து, வயிறெல்லாம் ஈரத்தோடு, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: “நனஞ்சிட்ச்சிடா! கடைமடைக்கித் தண்ணி உண்டு!”

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். ஐஸ் வண்டிக்காரர் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார். கோயில் பக்கம் முதல் அகல் ஏற்றியதும் கரை நெடுக விளக்கு ஓடியது. செங்கேணி கூட்டத்தை இடித்துக்கொண்டு மதகுப் படிக்கு வந்தாள்.

“யம்மா! விதைய ஊற வெக்கணும், வூட்டுக்குப் போ!” என்றாள் தேவயானி, மூச்சு வாங்க.

“காலையிலயே ஊறப் போட்டுட்டு வந்துட்டேன்” என்றாள் செங்கேணி.

“தொடறதுக்கு முன்னாடியேவா?”

“அளந்தது யாரு? பக்கத்து வூட்டுக்காரியா?”

தேவயானி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். சட்டென்று திரும்பி அளவுக்கல்லை ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள். செல்போனில் அடித்து அனுப்பினாள். இரண்டு படி மேலே கலைச்செல்வனின் போன் கிணுகிணுத்தது.

“பத்து அடி” என்று அவன் வாசித்தான். “மறுபடி பாருங்கன்னு சொல்ல மாட்டேன். இனிமே எப்பவும் சொல்ல மாட்டேன். பேராசிரியருக்கும் அனுப்பிட்டேன்.”

“ஆனா சார்.”

“என்ன?”

“உங்க கணக்கு பத்து அடி அர அங்குலம். அந்த அர அங்குலம் எங்க போச்சி?”

கலைச்செல்வன் அவளை ஒரு கணம் பார்த்தான். பின்னால் வெடி வெடித்துக்கொண்டிருந்தது. “நான் அன்னிக்கே சொன்னனே. இலை பெருசாயிருக்கும். கூடக் குடிச்சிருக்கும்.”

“அப்ப எலைய அளக்கணும். வாய இல்ல, அகலத்த.” அவள் நோட்டைப் புரட்டி, விளக்கு வெளிச்சத்தில் புதுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். “மொதல்ல சவுக்கு. அதுக்கு எலையே ஊசி மாதிரி கீது, எப்டி அளக்கறது? சார், நாளிக்கி எத்தினி மணிக்கி வர்றீங்கோ?”